ஆதித் திருச்சபை: தொடக்கமும் பரவலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறத்தாழ கி.பி. 30 முதல் 325 வரையிலான காலத்தைப் பற்றி மாணவர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் வரலாற்று ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் பெரும்பாலும் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

திருச்சபை எங்கே, எப்போது தொடங்கியது?

எருசலேமில். இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த பொந்தியு பிலாத்து யூதேயாவின் ஆளுநராக இருந்தது கி.பி. 26 முதல் 36 வரை. சிலுவை மரணத்தை 30 அல்லது 33 என்று வைப்பதே வழக்கம். அதற்குப் பின் கூடியிருந்தவர்கள் சுமார் 120 பேர் என்றும், பெந்தெகொஸ்தே நாளில் சுமார் 3,000 பேர் சேர்ந்தார்கள் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது.

அந்த நாளைப் பற்றி ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெந்தெகொஸ்தே, பஸ்கா பண்டிகைக்குப் பின் ஐம்பதாம் நாள் வரும் யூதர்களின் அறுவடைத் திருவிழா. வெளிநாடுகளில் வாழ்ந்த யூதர்கள் அதற்காக எருசலேமுக்கு வருவார்கள், முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். செய்தியும் அவர்களோடு போனது. தமஸ்குவிலும் ரோமிலும் அப்போஸ்தலன் பவுல் கால் வைப்பதற்கு முன்பே விசுவாசிகள் இருந்தது இப்படித்தான். ரோம் சபையை யார் தொடங்கினார்கள் என்பதற்குப் பெயர் சொல்லும் ஆதாரம் எதுவும் கிடையாது. தான் அதுவரை பார்த்திராத சபைக்குத்தான் பவுல் ரோமர் நிருபத்தை எழுதினார்.

தொடக்கத்திலேயே அது தனி மதமாக இருந்ததா?

இல்லை. முதல் தலைமுறையினர் யூதர்கள். எருசலேமின் யூதத் தேவாலயத்துக்குப் போனார்கள், ஓய்வுநாளைக் கைக்கொண்டார்கள், இயேசுவே மேசியா என்று நம்பினார்கள். ஸ்தேவான் கொல்லப்பட்டபின் எருசலேமிலிருந்து சிதறியவர்களில் சிலர் சிரியாவின் அந்தியோகியாவுக்குப் போய் கிரேக்கர்களிடமும் பேசத் தொடங்கியதுதான் திருப்பம். அங்கேதான் முதன்முதலில் "கிறிஸ்தவர்கள்" என்ற பெயர் ஏற்பட்டது. அந்தியோகியா இன்று துருக்கியில் இருக்கும் அந்தாக்யா. ரோமுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்து அன்றைய பேரரசின் பெருநகரங்களில் ஒன்று.

எருசலேம் சபையை நடத்திய யாக்கோபு, இயேசுவின் சகோதரர், 62-இல் கொல்லப்பட்டார். ஆளுநர் பெஸ்து இறந்து அடுத்தவர் வந்து சேர்வதற்குள் பிரதான ஆசாரியர் அவசரமாக நடத்திய விசாரணை அது என்கிறார் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். 66-இல் யூதப் போர் மூண்டது, 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படை தேவாலயத்தை எரித்தது. அதன்பின் எருசலேம் சபை பழைய மேலாண்மையை அடையவே இல்லை. ஆனால் யூத சமயமும் கிறிஸ்தவமும் ஒரே நாளில் பிரிந்துவிடவில்லை. அந்தப் பிரிவு ஊருக்கு ஊர் வேறுபட்டது, பல தலைமுறைகள் நீடித்தது.

இந்த ஆண்டுகளையெல்லாம் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வெளிச்சான்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணுகிறார்கள். மிக உறுதியான பிடி, கிரேக்க நாட்டின் தெல்பியில் கிடைத்த கல்வெட்டு. பேரரசர் கிலவுதியு எழுதிய கடிதம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அகாயாவின் ஆளுநராகக் கல்லியோன் பெயர் வருகிறது. பேரரசரின் பட்ட விவரங்களைக் கொண்டு அவருடைய பதவிக்காலம் 51–52 என்று தெரிகிறது. கொரிந்துவில் பவுலை இதே கல்லியோன் முன்தான் இழுத்துவந்தார்கள் (அப்போஸ்தலர் நடபடிகள் 18). ஆகவே பவுல் அங்கே தங்கிய பதினெட்டு மாதம் ஏறக்குறைய 50–52.

இனி பின்னோக்கி எண்ணலாம். மனம் மாறி மூன்று ஆண்டு கழித்து எருசலேம் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கினேன், பிறகு 14 ஆண்டு கழித்து மறுபடி போனேன் என்று கலாத்தியருக்குப் பவுலே எழுதுகிறார். சிக்கல் இங்கேதான். அந்த 14 ஆண்டை மனமாற்றத்திலிருந்து எண்ணுவதா, முதல் பயணத்திலிருந்து எண்ணுவதா? மேலும் அக்காலத்தில் ஆண்டின் ஒரு பகுதியையும் முழு ஆண்டாகவே எண்ணினார்கள். புத்தகத்துக்குப் புத்தகம் இரண்டு மூன்று ஆண்டு மாறுபடுவதற்கு இவைதான் காரணம். பவுலின் மனமாற்றத்துக்கு ஒரே ஒரு ஆண்டை அடித்துச் சொல்லும் கால அட்டவணையைச் சற்று சந்தேகத்தோடு பாருங்கள்.

எருசலேம் சங்கத்தில் என்ன பிரச்சினை?

புறஜாதியார் (யூதரல்லாதவர்) சேர வேண்டுமானால் விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் சட்டத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்பதுதான். சங்கம் கூடியது சுமார் 49-இல். விருத்தசேதனம் வேண்டியதில்லை, ஆனால் விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகியவற்றுக்கு விலகியிருக்க வேண்டும் என்று முடிவானது.

நான்கில் மூன்று சாப்பாட்டு விஷயம் என்பதைப் பாருங்கள். யூதரும் யூதரல்லாதவரும் ஒரே பந்தியில் உட்கார முடியுமா என்பதுதான் அன்றாடச் சிக்கல். அந்தியோகியாவில் பேதுரு முதலில் எல்லோரோடும் சாப்பிட்டுவிட்டு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். பந்தியில் யார் யாரோடு உட்காரலாம் என்ற சண்டையின் கனம் நம்மூர் வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பவுல் ஒரு ஊரில் சபையை எப்படித் தொடங்கினார்?

பெரும்பாலும் ஒரே வரிசை. பெருவழியிலோ துறைமுகத்திலோ இருக்கும் நகரத்தைத் தேர்ந்தெடுப்பார். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவார். அங்கே யூதர்களோடு, யூத சமயத்தில் ஈடுபாடு கொண்டும் முழுமையாகச் சேராத கிரேக்கர்களும் இருப்பார்கள். செவிகொடுத்தவர்களில் அவர்கள் பலர். எதிர்ப்பு கிளம்பியதும் வீடு வைத்திருக்கும் ஒருவரின் ஆதரவில் கூட்டம் இடம் மாறும். பிலிப்பியில் தியத்தீராவைச் சேர்ந்த இரத்தாம்பர (விலையுயர்ந்த ஊதாத் துணி) வியாபாரி லீதியாள் வீடு, கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி. யூதர்களை கிலவுதியு ரோமை விட்டு வெளியேற்றியதால் கொரிந்துவுக்கு வந்தவர்கள் அவர்கள். பவுலைப் போலவே கூடாரத் தொழில் செய்தவர்கள். வீட்டுத் தலைவர் சேர்ந்தால் குடும்பமும் அடிமைகளும் வேலையாட்களும் சேர்ந்தார்கள்.

எபேசுவில் திறன்னு என்பவரின் பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆண்டு பேசினார். இப்படி நீண்ட காலம் தங்கியது அபூர்வம். ஓரளவு காலூன்றியதும் கிளம்பிவிடுவார். பிறகு ஆள் அனுப்புவார், கடிதம் எழுதுவார்.

அந்தக் கடிதங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தன?

ஆள் கையில்தான். ரோம அரசின் தபால் அரசு வேலைக்கு மட்டும். ரோமர் நிருபத்தைப் பவுல் வாயால் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. கெங்கிரேயா துறைமுகச் சபையின் ஊழியக்காரி பெபேயாளை அந்தக் கடிதத்திலேயே பவுல் பரிந்துரைப்பதால், கொண்டுபோனவர் அவரே என்று கொள்கிறார்கள்.

நடந்து போனால் நாளுக்கு 25–30 கிலோமீட்டர். கப்பல் வேகமானது, ஆனால் நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடப்பட்டதாகவே கருதப்பட்டது. பருவம் தாண்டிக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மெலித்தா (இன்றைய மால்டா) தீவில் பவுலின் கப்பல் உடைந்ததே சாட்சி. கடிதம் வந்தால் சபையில் உரக்க வாசிப்பார்கள், படியெடுப்பார்கள், பக்கத்து ஊருக்கு அனுப்புவார்கள். படியெடுக்கும்போது வரி விட்டுப்போவதும், ஓரத்தில் எழுதிய குறிப்பு உள்ளே ஏறிவிடுவதும் சகஜம். பழைய கைப்பிரதிகளுக்கிடையே உள்ள வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்த வகைதான்.

கோயில் கட்டடம் இல்லாமல் எங்கே கூடினார்கள்?

வீடுகளில். வசதியுள்ளவர் வீட்டுச் சாப்பாட்டு அறையில்கூடச் சாய்ந்து உண்ண வழக்கமாக ஒன்பது பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் முற்றத்தில். கொரிந்துவில் திருவிருந்து சண்டையாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வேலையில்லாத வசதிக்காரர்கள் முன்பே வந்து சாப்பிட்டுக் குடித்து முடித்தார்கள். வேலை முடிந்து வந்த ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் கடிந்துகொள்வது அதைத்தான்.

வழிபாட்டுக்கென்றே மாற்றிக் கட்டிய வீடு ஒன்று முழுதாகக் கிடைத்திருக்கிறது. சிரியாவில் யூப்ரத்தீசு ஆற்றங்கரையில் இருந்த துரா-யூரோப்போஸ் என்ற எல்லைக் கோட்டை நகரில், 1930-களின் தொடக்கத்து அகழாய்வில் வெளிப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து, ஏறத்தாழ 13 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட கூடமாக்கியிருந்தார்கள். எழுபது பேர் நெருக்கமாக உட்காரலாம். ஒரு முனையில் தாழ்வான மேடை. இன்னொரு சிறிய அறையில் விதானத்தின் கீழ் ஞானஸ்நானத் தொட்டி. சுவர்களில் நல்ல மேய்ப்பன், திமிர்வாதக்காரன் குணமாதல், தண்ணீர்மேல் நடக்கும் பேதுரு ஆகிய ஓவியங்கள். பாரசீகப் படை முற்றுகையிட வந்தபோது நகர மதிலைப் பலப்படுத்த, மதிலோரக் கட்டடங்களை மண்ணால் நிரப்பினார்கள். 256 வாக்கில் நகரம் விழுந்தது. மண்ணுக்குள் வீடு தப்பித்தது. ஓவியங்கள் இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அதே தெருவில், கொஞ்சம் தள்ளி, யூத ஜெப ஆலயமும் அதே மாதிரி தப்பித்திருக்கிறது.

ரோமின் நிலவறைக் கல்லறைகளில் ஒளிந்து வழிபட்டார்கள் என்பது உண்மையா?

இல்லை. அவை இடுகாடுகள். எங்கே இருக்கின்றன என்று அரசுக்கும் தெரியும். குறுகிய சந்துகளில் பெருங்கூட்டம் கூட இடமும் கிடையாது. இறந்தவர்களின் நினைவு நாளில் சிறு குழுவாகப் போய் ஜெபித்து உணவருந்துவது உண்டு, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு எப்படி நடந்தது?

இரண்டு விவரங்கள் அருமையானவை. முதலாவது வெளியாளிடமிருந்து வருகிறது. கருங்கடலோரப் பித்தினியா மாகாணத்தின் ஆளுநர் பிளினி, சுமார் 112-இல் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம். பிடிபட்டவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறார்: குறித்த நாளில் விடியுமுன் கூடுவார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுவார்கள், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளை இல்லையென்பதில்லை என்று உறுதியெடுப்பார்கள், கலைந்துபோய் மறுபடி கூடிச் சாதாரண உணவைச் சாப்பிடுவார்கள். விடியுமுன் என்பதற்குக் காரணம் எளிது. அன்று ஞாயிறு வேலைநாள். அதை ஓய்வு நாளாகப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அறிவித்தது 321-இல்தான்.

இரண்டாவது, ரோமில் சுமார் 155-இல் கிறிஸ்தவ ஆசிரியர் ஜஸ்டின் எழுதியது. அவர் தரும் வரிசை: அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் உள்ளவரை வாசிக்கப்படும். தலைவர் அறிவுரை சொல்வார். எல்லோரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள். அப்பமும், தண்ணீர் கலந்த திராட்சரசமும் கொண்டுவரப்படும். தலைவர் தன்னால் இயன்றவரை நன்றி ஜெபம் சொல்ல, மக்கள் "ஆமென்" என்பார்கள். வராதவர்களின் பங்கை டீக்கன்மார் (உதவி ஊழியர்கள்) வீட்டுக்கே கொண்டுபோவார்கள். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பதைத் தலைவர் வைத்திருந்து அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், வெளியூரார் ஆகியோருக்குச் செலவிடுவார். "இயன்றவரை" என்பதைக் கவனியுங்கள். அப்போது ஜெபத்துக்கு எழுதிவைத்த வாசகம் கட்டாயமில்லை.

ஞானஸ்நானம் எப்படிக் கொடுத்தார்கள்? முழுக்கா, தெளிப்பா?

இந்தச் சண்டைக்குப் பழைய கைநூல் ஒன்று நேரடியாகவே பதில் சொல்கிறது. டிடாக்கே எனப்படும் அந்தச் சிறுநூல் முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ தொகுக்கப்பட்டது. 1056-இல் எழுதப்பட்ட படி ஒன்றை 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்தார்கள். அதன் விதி: ஓடும் நீரில் கொடு. ஓடும் நீர் இல்லையென்றால் வேறு நீரில். குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீரில். இரண்டுமே போதிய அளவு இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்று. பெறுபவர் ஒன்றிரண்டு நாள் முன்பே உபவாசம் இருக்க வேண்டும்.

பின்னாளில் ஆயத்தம் நீண்டது. ஹிப்போலிட்டஸ் எழுதியதாகச் சொல்லப்படும் ஒழுங்குநூல் (அவர் எழுதியதுதானா என்பதில் வாதம் உண்டு) மூன்று ஆண்டு போதனை கேட்கச் சொல்கிறது. சேருமுன் தொழிலை விசாரிப்பார்கள். விபசார விடுதி நடத்துபவர், வாள்சண்டைக்காரர், தேரோட்டப் பந்தயக்காரர் ஆகியோர் தொழிலை விட வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் விடுவது நல்லது, ஆனால் வேறு பிழைப்பு இல்லையென்றால் தொடரலாம். பாடப்புத்தகம் முழுக்க தேவர்களின் கதை என்பதுதான் அங்கே தடை. கடைசி வாரம் வெள்ளி உபவாசம், சனி இரவு முழுதும் விழிப்பு, சேவல் கூவும் வேளையில் முதலில் குழந்தைகள், பிறகு ஆண்கள், பிறகு நகைகளைக் கழற்றிக் கூந்தலை அவிழ்த்த பெண்கள். மூன்று கேள்வி, மூன்று முழுக்கு. எண்ணெய் பூசிய பின் முதல் திருவிருந்தில் பாலும் தேனும் கலந்த கிண்ணமும் உண்டு.

ஊர் ஊராக வந்த போதகர்களில் போலிகள் இருந்தார்களா?

தாராளமாக. டிடாக்கே ஒரு சோதனையே வைத்திருக்கிறது. வருபவர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. கிளம்பும்போது அடுத்த ஊர்வரைக்குமான அப்பம் மட்டும் கொடுக்க வேண்டும். பணம் கேட்டால் கள்ளன். குடியேற விரும்பினால் தொழில் செய்து சாப்பிடட்டும். இப்படி விதி எழுத வேண்டி வந்ததென்றால், ஏமாந்த சபைகள் எத்தனையோ! கிறிஸ்தவரல்லாத நையாண்டி எழுத்தாளர் லூசியன், சிறையிலிருந்த ஒரு போலிக்குக் கிறிஸ்தவர்கள் சாப்பாடும் பணமும் கொண்டுவந்து குவித்ததைக் கிண்டல் செய்திருக்கிறார்.

பிஷப், மூப்பர், டீக்கன் என்ற மூன்றடுக்கு எப்போது வந்தது?

முதல் தலைமுறையில் கண்காணி, மூப்பர் என்ற இரண்டும் பல இடங்களில் ஒரே பொறுப்பைக் குறித்தன. சுமார் 110-இல், ரோமுக்குக் காவலில் கொண்டுபோகப்பட்ட அந்தியோகியா பிஷப் இக்னேஷியஸ் வழியில் எழுதிய கடிதங்களில் ஒரு பிஷப், அவருக்குக் கீழ் மூப்பர் குழு, டீக்கன்மார் என்ற அமைப்பு தெளிவாக இருக்கிறது. ஆனால் ரோமருக்கு எழுதும்போது மட்டும் அவர் எந்தப் பிஷப்பையும் குறிப்பிடவில்லை. அமைப்பு எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வரவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் முடிவில் பெரும்பாலும் பரவிவிட்டது.

பெண்களைப் பற்றி: பெபேயாளையும் பிரிஸ்கில்லாளையும் முன்பே பார்த்தோம். ரோமர் 16-இல் யூனியாவின் பெயரும் வருகிறது. பிளினி சித்திரவதை செய்து விசாரித்த இருவர் அடிமைப் பெண்கள், சபையில் ஊழியக்காரிகள் என்று அவரே எழுதுகிறார். அந்த ஊரில் விவரம் தெரிந்த ஆட்கள் அவர்கள்தான் என்று ஆளுநருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பணத்தை எப்படிக் கையாண்டார்கள்?

பவுலின் முறை கவனமானது. வாரத்தின் முதல் நாளில் அவரவர் ஒரு தொகையைத் தனியே வைக்க வேண்டும், பவுல் வந்தபின் வசூல் கூடாது. எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைத் தானே எடுத்துப் போகாமல், சபைகள் நியமித்த ஆட்களையும் கூட அனுப்பினார். குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று காரணத்தையும் எழுதியிருக்கிறார்.

இருநூறு ஆண்டு கழித்து அளவு எவ்வளவு மாறியது என்பதற்கு 251-இல் ரோம் பிஷப் கொர்னேலியஸ் எழுதிய கடிதத்தைப் பாருங்கள். அவர் சபையில் 46 மூப்பர்கள், 7 டீக்கன்கள், 7 துணை டீக்கன்கள், 42 உதவியாளர்கள், பேயோட்டுபவர், வாசகர், வாயில்காப்போர் எல்லாம் சேர்ந்து 52 பேர். உதவி பெற்ற விதவைகளும் வறியோரும் 1,500-க்கும் மேல். ஒரே நகரத்தில், சட்டப்படி அங்கீகாரமில்லாத அமைப்பு இத்தனை பேருக்குச் சோறு போட்டது. அற்புதங்களும் இரத்தசாட்சிகளும் பேசப்படும் அளவுக்கு இந்த உண்டியல் கணக்கு பேசப்படுவதில்லை. சபை நிலைத்து நின்றதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

எத்தனை பேர் இருந்தார்கள்?

கணக்கெடுப்பு எதுவும் இல்லை. அதிகம் மேற்கோள் காட்டப்படுவது சமூகவியலாளர் ரோட்னி ஸ்டார்க்கின் கணிப்பு: 40-இல் 1,000 பேர், பத்தாண்டுக்கு 40 சதவீத வளர்ச்சி. கூட்டிப் பார்த்தால் 100-இல் சுமார் 7,500, 200-இல் சுமார் 2.18 லட்சம், 300-இல் சுமார் 63 லட்சம். பேரரசின் மக்கள்தொகையை 6 கோடி என்று வைத்தால் பத்தில் ஒருவர். இது வட்டிக்கணக்கு, தரவு அல்ல. பெந்தெகொஸ்தே நாளின் 3,000-க்கே இதில் இடமில்லை. ஆனால் ஒன்றைக் காட்டுகிறது: அதிரடியான கூட்ட மதமாற்றம் இல்லாமலே, குடும்பம், நட்பு, தொழில் உறவு வழியாக நடந்த நிதானமான வளர்ச்சியே அந்த எண்ணிக்கைக்குப் போதும்.

300 ஆண்டும் இடைவிடாமல் துன்புறுத்தப்பட்டார்களா?

இல்லை. 250 வரை நடந்தவை பெரும்பாலும் ஓரூர்க் கலவரங்களும் வழக்குகளும். 64-இல் ரோம் எரிந்தபோது நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டான், ரோமில் மட்டும். தெய்வங்களுக்குப் பலி கொடுக்க மறுப்பவர்களால் ஊருக்குக் கேடு வரும் என்ற அச்சம்தான் மக்களின் வெறுப்புக்கு அடித்தளம். நரமாமிசம் தின்கிறார்கள் என்ற வதந்தியும் சேர்ந்துகொண்டது.

பிளினிக்கு டிராஜன் அனுப்பிய பதில் பல தலைமுறைக்கு வழிகாட்டியது: தேடிப் பிடிக்காதே. குற்றம் சாட்டப்பட்டு நிரூபிக்கப்பட்டால் தண்டி. மறுத்துத் தேவர்களை வணங்கினால் விட்டுவிடு. பெயரில்லாப் புகாரை ஏற்காதே. ஆகவே அக்கம்பக்கத்தார் பொறுமையோடு இருக்கும்வரை நிம்மதி. 177-இல் இன்றைய பிரான்சின் லியோனில் அந்தப் பொறுமை உடைந்தது. தொண்ணூறு வயது கடந்த பிஷப் பொத்தினுஸ் முதல் அடிமைப் பெண் பிளாந்தினா வரை பலர் செத்தார்கள்.

250-இல் கொடுத்த சான்றிதழ் என்பது என்ன?

பேரரசர் டெசியஸ், எல்லாக் குடிகளும் தேவர்களுக்குப் பலி செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். நிறைவேற்ற ஊருக்கு ஊர் குழு. பலியிட்டு, திராட்சரசம் வார்த்து, படையலைச் சுவைத்தால் குழு கையெழுத்திட்டுச் சீட்டுக் கொடுக்கும். எகிப்தின் வறண்ட மண்ணில் இந்தச் சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் விண்ணப்பதாரர் தீயோகேனஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு என்று அங்க அடையாளம்கூட இருக்கிறது. தேதி 250 ஜூன் 26. அவர் கிறிஸ்தவராக இருந்திருக்க வேண்டியதில்லை, ஆணை எல்லோருக்குமானது.

கிறிஸ்தவர்களில் பெருங்கூட்டம் விழுந்தது. சிலர் பலியிட்டார்கள், சிலர் தூபம் மட்டும் போட்டார்கள், சிலர் எதுவும் செய்யாமல் லஞ்சம் கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். அடுத்த ஆண்டே ஆணை ஓய்ந்ததும் எல்லோரும் சபைக்குத் திரும்ப நினைத்தார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் குழப்பம் எப்படி முற்றியது என்பது பிஷப் சிப்ரியானின் கடிதங்களில் இருக்கிறது. உறுதியாய் நின்று சிறைபட்டவர்களின் பரிந்துரைக்கு மதிப்பு அதிகம். அவர்கள் தாராளமாகச் சமாதானச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சில சீட்டுகளில் "இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும்" என்று மட்டும் இருக்க, அதைக் காட்டி இருபது முப்பது பேர் உள்ளே வரப் பார்த்தார்கள். பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள் என்று சிப்ரியான் கெஞ்சினார். 251-இல் கூடிய சங்கம், சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்களை நீண்ட தவத்துக்குப் பின், மரணப் படுக்கையில் சேர்க்கலாம் என்று தீர்த்தது. ரோமில் மூப்பர் நொவாத்தியான் அதையும் ஏற்காமல் தனிச் சபை கண்டார். விழுந்தவர்களுக்கு முழுக் கதவும் திறக்கக் கூடாது, முழுக்க மூடவும் கூடாது என்ற சிப்ரியானின் நடுவழிதான் நடைமுறைக்கு ஒத்துவந்தது.

303-இல் தேவாலயங்களைச் சோதனையிட்டபோது என்ன கிடைத்தது?

டயோக்ளீஷியனின் முதல் ஆணை வந்தது பிப்ரவரியில்: கட்டடத்தை இடி, வேதநூலை எரி. வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் மே 19 அன்று நடந்த சோதனையின் அரசுப் பதிவேடு பின்னாள் வழக்கு ஒன்றில் சான்றாகப் படிக்கப்பட்டதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. பட்டியலில் 2 பொற்கிண்ணம், 6 வெள்ளிக் கிண்ணம், வெள்ளி விளக்கு 7, பெண்கள் அங்கி 82, ஆண்கள் அங்கி 16, பெண்கள் காலணி 47 ஜோடி, ஆண்கள் காலணி 13 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த துணிமணி என்றே கொள்கிறார்கள். புத்தக அலமாரி காலி. நூல்கள் வாசகர்கள் வீட்டில் இருந்தன. கேட்டபோது இரண்டு துணை டீக்கன்கள் "நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்ல, எங்களைக் கொல்லச் சொல்லுங்கள்" என்றார்கள். மற்றவர்கள் வீடுகளைக் காட்டினார்கள். நூலைக் கொடுத்த பிஷப் செய்யும் திருநிலைப்பாடு (ஊழியர்களுக்குப் பட்டம் கொடுத்தல்) செல்லுமா என்ற கேள்விதான் பிறகு வட ஆப்பிரிக்கச் சபையையே இரண்டாகப் பிளந்தது.

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை நிக்கேயா சங்கம் தேர்ந்தெடுத்ததா?

இல்லை. 325-இல் அங்கே கூடிய சுமார் 300 பிஷப்மார் பேசியது ஆரியுஸின் போதனை (கடவுளின் மகன் படைக்கப்பட்டவர் என்பது), பஸ்கா தேதி, சபை ஒழுங்கு. நான்கு சுவிசேஷங்களும் பவுலின் நிருபங்களும் அதற்கு வெகு முன்பே பெரும்பாலான சபைகளில் நிலைபெற்றிருந்தன. எபிரெயர், யாக்கோபு, 2 பேதுரு, வெளிப்படுத்தல் போன்றவற்றில்தான் இழுபறி. 27 நூல்களை மட்டும் சரியாகப் பட்டியலிடும் முதல் ஆவணம், அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியஸின் 367-ஆம் ஆண்டுப் பஸ்காக் கடிதம்.

கான்ஸ்டன்டைன்தான் கிறிஸ்தவத்தை அரசு மதமாக்கினாரா?

அதுவும் இல்லை. 311-இல் பேரரசர் கலேரியஸ் கிறிஸ்தவத்தைச் சகித்துக்கொள்ள ஆணையிட்டார். 313-இல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் எல்லா மதங்களுக்கும் உரிமை தந்து, பறித்த சொத்தைத் திருப்பச் சொன்னார்கள். பேரரசின் மதமாக்கும் ஆணை 380-இல், தியோடோசியஸ் காலத்தில் வந்தது.

அப்போஸ்தலன் தோமா இந்தியாவுக்கு வந்தாரா?

வந்திருக்க முடியும். வந்தார் என்று நிறுவும் முதல் நூற்றாண்டுச் சான்று இல்லை. வழி இருந்தது: பருவக்காற்றில் செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு 40 நாளில் வரலாம் என்று மூத்த பிளினி (மேலே வந்த ஆளுநர் பிளினியின் மாமா) எழுதியிருக்கிறார். எதெஸ்சாவில் (இன்று துருக்கியில் உள்ளது) மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட தோமாவின் கதை, அவரைக் குந்தபார் என்ற அரசனிடம் அனுப்புகிறது. அந்த அரசன் கற்பனை அல்ல, நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவன் ஆண்டது இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கம். கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்களும் மயிலாப்பூரும் காக்கும் மரபு தனி.

உறுதியான சான்றுகள் பின்னால் வருகின்றன. மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதாகவும், இலங்கையில் இருப்பவர்கள் பாரசீகர்கள் என்றும் ஆறாம் நூற்றாண்டில் வணிகர் காஸ்மாஸ் எழுதினார். அனுராதபுரத்தில் 1912-இல் கிடைத்த சிலுவைக் கல் இதோடு பொருந்துகிறது. சென்னை பரங்கிமலையில் 1547-இல் தோண்டியபோது கிடைத்த சிலுவையில் இருப்பது பாரசீகத்தின் பகலவி எழுத்து. கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு 849-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சேர அரசர் தாணு ரவி காலத்தில், வேணாட்டு ஐயனடிகள் திருவடிகள் அங்கிருந்த பள்ளிக்கு (கிறிஸ்தவ ஆலயத்துக்கு) நிலமும் உரிமைகளும் கொடுத்ததை வட்டெழுத்தில் சொல்கிறது. சாட்சிக் கையெழுத்துகள் பகலவி, அரபு, எபிரெய எழுத்துகளில் உள்ளன. தென்னிந்தியச் சபை அந்நாளில் பாரசீகச் சபையோடும் கடல் வணிகத்தோடும் பிணைந்திருந்தது என்பதை இவை நிரூபிக்கின்றன. தோமாவின் வருகை பற்றி இவை எதுவும் பேசவில்லை.